அரியூர்ச் சாலையில் ஆண்ட்டி கடை

பிரான்ஸின் லியோன் நகரத்தில் என் மகள் வீட்டில் சனிக்கிழமை தோறும் ஸ்டேக். அன்று எனக்கு மட்டும் தயிர் சாதம். மாட்டிறைச்சி கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பதாக ஆறு வருடங்களாகச் சொல்லி வருகிறேன். அப்படி எந்த மருத்துவரும் சொன்னதில்லை. இந்தக் கட்டுரை ஒரு கடற்கரை விடுமுறையைப் பற்றியது, அதில் தேடிக் கண்டுபிடித்த ஒரு நல்ல ஸ்டேக் கடையைப் பற்றியது. இந்தப் பொய்யையும், இதற்கு முன்னால் சொன்ன இன்னொரு பொய்யையும் அதில் சேர்க்காமல் எழுத முடியாது.

எனக்கு வயது எழுபத்து மூன்று. சென்னையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். மனைவி போன பிறகு மகள் நித்யா என்னைத் தன்னோடு அழைத்துப் போய்விட்டாள். பிப்ரவரியில் அங்கே பனி. மருமகனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அப்பாவும் பெண்ணுமாக வெயிலுக்குப் போவோம் என்றாள். புதுச்சேரி மாநிலத்துப் பாகூர் கொம்யூனில், சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவே இருந்த ஒரு விடுதியின் படத்தைச் செல்பேசியில் காட்டி, "உங்க ஊர் இங்கதானே பக்கம், அப்பா?" என்று கேட்டாள். பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும் என்றேன். அங்கே இப்போது நம்மவர் யாரும் இல்லை, நிலமெல்லாம் எப்போதோ கைமாறிவிட்டது என்றும் சொன்னேன். இரண்டும் உண்மைதான்.

முதல் நாள் முழுவதும் கடல். லியோனில் இரண்டு ஆறுகள் ஓடுகின்றன, இரண்டுமே சத்தம் போடாத ஆறுகள். இங்கே அறைக்குள் உட்கார்ந்து பேசுவதற்கும் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. நாற்பத்திரண்டு வயது மகள், சுடிதாரை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு அலைக்குள் ஓடினாள். பிறகு திரும்பி வந்து என் கையைப் பிடித்து, சின்ன வயதில் நான் அவளை மெரினாவில் இழுத்துப் போனதுபோல, கணுக்கால் தண்ணீருக்கு இழுத்துப் போனாள். அலை திரும்பும்போது காலடி மணல் நழுவியது. "பயமா இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கையை விடவில்லை.

விடுதியில் பரிமாறியவர் ஒடிசாக்காரர். அவருக்குத் தமிழில் மீன்களின் பெயர்கள் மட்டும் தெரியும். வஞ்சிரம், சங்கரா, கொடுவா, சுறா என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். காலையில் குப்பத்துப் படகில் வந்தது மதியம் தட்டுக்கு வந்தது. லியோன் சந்தையில் பனிக்கட்டிமேல் படுத்திருக்கும் மீன்களுக்கும் இதற்கும் பேச்சே இல்லை. ஆனாலும் நாலு வேளை தொடர்ந்து மீன் சாப்பிட்டதும் நித்யா கைகழுவிக்கொண்டே, "அப்பா, எனக்கு ஸ்டேக் வேணும்" என்றாள்.

இரண்டாம் நாள் அதற்காகவே புதுச்சேரி டவுனுக்குப் போனோம். மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியுமாக ஓர் உணவகம். பக்கத்து மேசையில் ஒரு பிரெஞ்சுத் தம்பதி தங்களுக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "நம் ஊர் ரயில் நிலையத்துச் சாப்பாடு போலவே இருக்கிறது," என்றார் கணவர். மனைவி, "அதை ஏன் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறாய்?" என்றார். நித்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் தட்டை வெட்ட ஆரம்பித்தாள். கத்தியை மாற்றித் தரச் சொன்னாள். மாற்றித் தந்தார்கள். கடைசியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இதற்கு ஆசாரியைத்தான் கூப்பிட வேண்டும் என்றாள். நான் எலுமிச்சை சோடா குடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது ஆட்டோக்காரரிடம் இந்தக் கதையைச் சொன்னாள். அவர் பெயர் பழனி. வண்டியின் வேகத்தைக் குறைத்து, கண்ணாடி வழியாக எங்களை ஒருமுறை பார்த்தார். நாங்கள் அதைச் சாப்பிடுகிறவர்கள்தானா என்று உறுதி செய்துகொண்ட பார்வை அது. பிறகு சொன்னார்: "டவுன்ல போடறது போட்டா எடுக்கறதுக்கும்மா. நல்ல ஸ்டேக்கு வோணும்னா அரியூர் தாண்டி ஆண்ட்டி கடைக்குப் போவணும். மெடிக்கல் காலேஜ் புள்ளைங்க, கேரளாப் புள்ளைங்க, லைன்ல நின்னு துன்னும்."

மூன்றாம் நாள் அவர் வண்டியிலேயே கிளம்பினோம். அந்தப் பக்கத்துச் சாலைகளில் புதுச்சேரி எங்கே முடிகிறது, தமிழ்நாடு எங்கே ஆரம்பிக்கிறது என்று வரைபடக்காரனுக்கே குழப்பம் வரும். பத்து நிமிடத்தில் மூன்று முறை மாநிலம் மாறியது. மதுக்கடைகள் வரிசையாக வந்தால் புதுச்சேரி, காணாமல் போனால் தமிழ்நாடு என்று பழனி எளிய விதி ஒன்றைச் சொன்னார். சம்பா அறுவடை முடிந்து பாதிச் சாலையை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் வர, பழனி ஒதுங்கினார். ஒதுங்கிய இடத்தில் நெல். இரண்டு சக்கரம் அதில் ஏறி, அதிலிருந்த ஏதோ ஒரு கல் குத்தி, டயர் காற்று போனது.

நெல்லுக்குச் சொந்தக்காரி முறத்தோடு ஓடி வந்தாள். "கண்ணு இன்னா முதுவுலயா இருக்குது உனுக்கு?" என்று ஆரம்பித்தாள். பழனி டிராக்டரைக் காட்டினார். அவன்மேல ஏத்த வேண்டியதுதானே என்றாள். நித்யா இறங்கி மன்னிப்புக் கேட்டுவிட்டு, சிதறிய நெல்லைக் கையால் கூட்ட ஆரம்பித்தாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நகம் போய்விடும், விடு என்று சொல்லிவிட்டு, தூக்குவாளியிலிருந்து எங்களுக்கு மோர் ஊற்றித் தந்தாள். மாற்று டயரிலும் காற்று இல்லை. பழனி அதை உருட்டிக்கொண்டு பஞ்சர் கடை தேடிப் போய்வர ஒரு மணி நேரம் ஆயிற்று. பிரான்ஸில் நெடுஞ்சாலையில் ஒருமுறை இப்படி நின்றோம். ஆரஞ்சு நிற உடுப்பு மாட்டிக்கொண்டு வேலிக்கு அந்தப்புறம் நின்றோம். இரண்டு மணி நேரம் ஒருவரும் எங்களோடு பேசவில்லை.

கடை, தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. எதிரே அறுத்த வயல், நெல்தாள்களுக்கு நடுவே கொக்குகள். பெயர்ப் பலகை இல்லை. எட்டு மேசை, எட்டிலும் மாணவர்கள். வெள்ளைக் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மலையாளத்தில் பேசியபடி ஸ்டேக்கைப் பரோட்டாவால் பிய்த்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நித்யா ஒரு நிமிடம் அதிர்ந்துபோய், அப்புறம், "நல்ல யோசனைதான்" என்றாள்.

அடுப்பில் நின்றது அருள் என்ற நாற்பது வயதுக்காரர். டவுனில் ஒரு பெரிய ஓட்டல் சமையலறையில் பன்னிரண்டு வருடம் இருந்தவராம். இந்த ஊர் மாட்டுக்குக் கொழுப்பு குறைவு. வெளிநாட்டு மாட்டுக்குச் செய்வதை இதற்குச் செய்தால் செருப்பாகிவிடும் என்று நித்யாவுக்கு விளக்கினார். முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற அண்டர்கட் துண்டை மட்டும் வாங்கி, உப்புத் தடவி மூன்று நாள் குளிரில் வைத்து, சவுக்குக் கரியில் காய்ந்த தோசைக்கல்லில் போடுகிறார். எடுத்ததும் தருவதில்லை. கறியும் கொஞ்சம் மூச்சு விட வேண்டுமாம். பதம் கேட்கும் முறையும் அவருடையதே: "ரத்தம் தெரியணுமா, தெரியக் கூடாதா?" தெரியணும் என்றாள் நித்யா. எனக்கு முட்டைச் சாதம் போதும் என்றேன்.

மேசை துடைக்க வந்தது அருளின் தாயார். மாணவர்கள் ஆண்ட்டி என்று கூப்பிடுவது இவரைத்தான். அறுபது தாண்டியவர், நரைத்த தலையை இறுக்கிக் கொண்டை போட்டு, புடவைமேல் மகனுடைய பழைய சட்டையை மாட்டியிருந்தார். எல்லோரிடமும் கேட்பதைப்போலவே எங்களிடமும் எந்த ஊர் என்று கேட்டார். நித்யா லியோன் என்று சொல்லியிருக்கலாம். உற்சாகத்தில் என் ஊர்ப் பெயரைச் சொன்னாள். யார் வீடு என்றார் அவர். நித்யாவுக்குத் தெரிந்த ஒரே அடையாளம் என் தாத்தா பெயர். அதையும் சொன்னாள். அந்த அம்மாள் துணியை மேசைமேல் வைத்தபடி என்னை நேராகப் பார்த்தார். துணியை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனார்.

நித்யாவுக்கு இரும்புத் தட்டில் ஸ்டேக் வந்தது. எனக்கு முட்டைச் சாதம் வரவில்லை. அந்த அம்மாள் ஒரு வாழையிலையை என் முன்னால் விரித்து, தண்ணீர் தெளித்து, மிளகு போட்டு வறுத்த மாட்டுக்கறியை அதில் வைத்தார். கடையில் வேறு யாருக்கும் இலை இல்லை.

"பாலு அண்ணன் எங்க வூட்டுல எலையிலதான சாப்புடும்," என்றார். "என்னத் தெரியலியாண்ணே? லூர்து. சவரி தங்கச்சி."

எனக்கு எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. எழவில்லை.

சவரி என் வகுப்புத் தோழன். பாகூர்ப் பள்ளியிலும், பிறகு டவுனில் கல்லூரியிலும் ஒரே பெஞ்சு. அவனுடைய அப்பா சூசை எங்கள் நிலத்தில் வேலை செய்தவர். கல்லூரியில் படித்த இரண்டு வருடமும் பல ஞாயிற்றுக்கிழமைகளில், ஆற்றில் குளிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவர்கள் குடிசைக்குப் போவேன். அவர்கள் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து மாட்டுக்கறி சமைப்பார்கள். நான் சாப்பிடுவேன். என்னைப் போன்ற வீட்டுப் பையன் அவர்கள் பாத்திரத்தில் சாப்பிடக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஆகவே சவரி எனக்கென்று இலை அறுத்து வருவான். எங்கள் அப்பாவின் வாழைக்கொல்லையிலிருந்துதான். இலையில் சாப்பிட்டால் தீட்டு இல்லை என்று நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். அவர்களோடு சமமாக உட்கார்ந்து சாப்பிடுவதாகவும் அதே சமயம் நினைத்துக்கொண்டிருந்தேன். லூர்து அப்போது பத்து வயதுப் பெண். தண்ணீர் தெளிப்பது அவள் வேலை.

லூர்து மேசை ஓரம் உட்கார்ந்து நித்யாவின் கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் அப்பா யார் தெரியுமா என்று ஆரம்பித்தார். அவர் சொன்னது இது. நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டதை யாரோ பார்த்து ஊரில் சொல்லிவிட்டார்கள். கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. நான் எழுந்து, "தெரிந்துதான் சாப்பிட்டேன், அவர்கள்மேல் தப்பில்லை" என்று சொன்னேன். அதற்காகப் பொன்னைக் காய்ச்சி என் நாக்கில் சூடு வைத்தார்கள். அப்படியும் ஊர் விடவில்லை, சூசைக்கு யாரும் வேலை தரக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. குடும்பம் ஊரை விட்டு வில்லியனூர்ப் பக்கம் வந்தது.

"எங்களுக்காவ நாக்குல சூடு வாங்குன மனுசன்மா உங்கப்பா," என்றார். அடுப்படியிலிருந்து அருள் எட்டிப் பார்த்துக் கும்பிட்டார். பக்கத்து மேசை மாணவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். அதுதான் என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி. "அண்ணன்தான். எம்மா வாட்டி சொல்லியிருக்கும்! நாங்கல்லாம் பஞ்சாயத்துக்கு வரலியே, அப்பாவும் அதுவும்தான போனாங்க." சவரி எங்கே என்றேன். எட்டு வருடம் முன்பு போய்விட்டதாகச் சொன்னார். படிப்பை விட்டு மில்லில் சேர்ந்ததாம், பஞ்சு நெஞ்சில் கட்டிக்கொண்டதாம். அப்பா வில்லியனூர் வந்து மூன்றாம் வருடமே போய்விட்டாராம்.

சாப்பிட்டேன். ஐம்பது வருடங்களுக்குப் பிறகு முதல் வாய். நன்றாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நன்றாக இருந்தது. நித்யா தன் ஸ்டேக்கில் ஒரு துண்டை வெட்டி என் இலையில் வைத்தாள். வெளியே கருகிய உப்பும் மிளகும், உள்ளே சிவந்த ஈரமும், பல்லுக்கு வேலை வைக்காத பதமும். லியோனில் பெரிய பெயர் வாங்கிய கடைகளிலும் இப்படிச் சாப்பிட்டதில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். பிறகு கண்ணைத் திறந்து, "டாக்டர்?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். எதற்காக இத்தனை நாள் அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று தனக்குப் புரிந்துவிட்டதாக அவள் நினைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

நடந்தது வேறு. பஞ்சாயத்தில் நான் சொன்னது இதுதான்: "ஆட்டுக்கறி என்று சொல்லிப் போட்டார்கள். எனக்குத் தெரியாது." என் அப்பா முந்தின நாள் சொல்லிக்கொடுத்த வாக்கியம். அக்காவுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், ஊர் எங்களை ஒதுக்கினால் அது நின்றுவிடும் என்று அம்மா அழுதாள். அது காரணம்தான். சமாதானம் ஆகாது. பொன்மோதிரத்தைக் காய்ச்சி நாக்கில் தொட்டது தண்டனைக்காக அல்ல. தெரியாமல் தீட்டுப்பட்டவனைச் சுத்தம் செய்து மறுபடி சாதியில் சேர்த்துக்கொள்கிற சடங்கு அது. அப்போதே அரிதாகிவிட்டிருந்தது, என் அப்பாதான் வற்புறுத்தினார். ஒரு வாரம் கஞ்சி குடித்தேன், ஆறிவிட்டது. சூசைக்கு ஏமாற்றுக்காரர் என்று பெயர், கட்டுப்பாடு அதற்காகத்தான். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. சவரி அவருக்குப் பக்கத்தில் நின்றான். நான் சொன்னதைத் தன் காதால் கேட்டான். கேட்டவன் வீட்டுக்குப் போய் வேறொன்றைச் சொல்லியிருக்கிறான்.

என் ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. இன்று அங்கே வளரும் பிள்ளைகளுக்கு இதில் பங்கில்லை. பங்குள்ளவர்களுக்கு ஊர்ப் பெயர் இல்லாமலே புரியும்.

நான்காம் நாள் பதினோரு மணி வாக்கில், மணலில் உட்கார்ந்து நித்யா கணவனோடு பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நடந்து வந்தது அவளுக்குத் தெரியாது. "நாம் இத்தனை நாள் அவரைப் பழைய காலத்து மனிதர் என்று நினைத்தோம்," என்றாள். "ஓர் ஏழை நண்பன் வீட்டில் சாப்பிட்டதற்காக ஊர் முன்னால் அவர் நாக்கைச் சுட்டிருக்கிறார்கள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு நான்தான் சொல்ல வேண்டும்."

பிள்ளைகளுக்கு என்ற சொல்லில்தான் எனக்குத் தாங்காமல் போயிற்று. பேசாமல் இருந்தால் போதும். சவரி கட்டிக்கொடுத்த பொய் பேரப்பிள்ளைகள் வரை போய்ச் சேரும். மறுநாள் மாலை விமானம். வெளியே கொஞ்சம் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தனியாகப் போக வேண்டும் என்று பழனியைக் கூப்பிடவில்லை.

பாகூரில் பேருந்து மாற வேண்டும். பதற்றத்தில் பலகையைப் பார்க்காமல் ஏறிவிட்டேன். நடத்துநரிடம் வில்லியனூர் என்றதும் சிரித்தார். "பெருசு, நீ அந்தாண்ட போவணும். இது குருவிநத்தம்." பேச்சுக் கொடுக்க ஆள் கிடைத்ததில் பக்கத்தில் இருந்தவர், அரியூர் ஆஸ்பத்திரிக்கா, யாருக்கு உடம்பு என்று விசாரித்தார். எனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். அதுவரை கூடை வைத்திருந்த சீட்டைக் காலி செய்து ஓர் அம்மாள் என்னை உட்காரச் சொன்னாள். குருவிநத்தத்தில் இறங்கி, திரும்பும் பேருந்துக்குப் பெண்ணையாற்றுக் கரையில் முக்கால் மணி நேரம் நின்றேன். திரும்பி விடுதிக்கே போய்விடலாம் என்று இரண்டு முறை தோன்றியது. இரண்டாவது முறை தோன்றும்போது பேருந்து வந்துவிட்டது.

கடைக்குப் போனபோது மதியச் சாப்பாடு முடிந்து மேசைகள் காலி. லூர்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அருள் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். பொண்ணு எங்க என்று கேட்டு, டீ போடச் சொன்னார் லூர்து. டீ வேண்டாம் என்றேன். நின்றுகொண்டே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. பஞ்சாயத்தில் நான் சொன்ன வாக்கியத்தை அப்படியே சொன்னேன். பொன் சூடு எதற்கு என்று சொன்னேன், சூசைக்கு ஊரில் என்ன பெயர் வந்தது என்று சொன்னேன். சவரிக்கு எல்லாம் தெரியும் என்றும் சொன்னேன்.

லூர்து பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு மூன்று பல் உரித்தார். அருள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன் அண்ணன் அப்பிடிச் சொல்லிச்சு?" என்று லூர்து கேட்டார். என்னிடம் கேட்டாரா என்று தெரியவில்லை.

எனக்குத் தெரியாது என்றேன்.

"எங்கம்மாவுக்காவ இருக்கும்," என்று அவரே பதிலும் சொன்னார். "அம்மா உங்கள ரொம்ப நெனைச்சிக்கினு இருக்கும். நம்ம கையால துன்ன புள்ளன்னு. அதுக்கு இது தெரிஞ்சிருந்தா அன்னிக்கே செத்திருக்கும்."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் அந்த வாக்கியத்தைத்தான் ஒத்திகை பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அதைக் கேட்பதே இன்னொரு இலை கேட்பதுபோல இருந்தது. கேட்கவில்லை.

"அம்பது வருசமா அண்ணன் சொன்னத வெச்சிக்கினு இருந்தேன். நேத்துகூட அந்தப் புள்ளைங்க முன்னாடி பெருமையா சொன்னேன். இப்ப நீங்க வந்து இத்த சொல்றீங்க. ரெண்டையும் வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

நேற்று வரை ஒவ்வொரு பேச்சிலும் இருந்த அண்ணே இதில் இல்லை.

அருள் முதல் முறையாக வாயைத் திறந்தார். "போயிடுங்க சார்," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. லூர்து அவரைக் கையமர்த்தினார். உங்கள் பெண்ணுக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன்.

"மொதல்ல அதுக்குச் சொல்லுங்க. அப்பறம் எழுதுங்க. படிச்சவருதான? எங்கப்பா யாரையும் ஏமாத்தலன்னு, அவரு பேரப் போட்டு எழுதுங்க. அந்த ஊர்ல அவர ஏமாத்துக்காரன்னு சொன்னவன்ல பாதிப் பேரு இன்னும் உசுரோட இருக்கான். அவனுங்களுக்கும், அவனுங்க புள்ளைங்களுக்கும் படிக்கத் தெரியுமில்ல?"

எழுதுகிறேன் என்றேன். சாலைக்கு வந்தபோது பின்னாலேயே அருள் வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். வில்லியனூர்ப் பேருந்து எதிர்ப்பக்கம் நிற்கும் என்று காட்டிவிட்டு, பேருந்து வரும் வரை நின்றுவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் காலை, பெட்டி கட்டுவதற்கு முன்னால், நித்யாவைக் கடற்கரைக்குக் கூப்பிட்டேன். படகுகள் வந்திருந்தன. பெண்கள் வலையிலிருந்து நண்டை விடுவித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு மணலைப் பார்த்தாள். என் கையைப் பிடிக்கவில்லை. நானும் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவள் அப்பாவைப் பற்றி முந்தின நாள் வரை அவளிடம் இருந்த ஏதோ ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன், அது திரும்ப வராது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த சூசைத் தாத்தா உங்ககிட்ட உண்மையில என்ன சொன்னார், அப்பா? முதல் தடவை போட்டப்போ?"

ஐம்பது வருடங்களில் என்னை யாரும் இதைக் கேட்டதில்லை. பஞ்சாயத்திலும் கேட்கவில்லை. அவளிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். என் பெயர் பாலசுந்தரம். சவரியின் அப்பா பெயர் சூசை. என் அப்பாவைவிட அவருக்கு நாலைந்து வயது கூடுதல். எங்கள் வீட்டில் பிறந்த நண்டுசிண்டு வரை எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, என் இலைக்கு முன்னால் அவர் குனியாமல் நின்றார்.

"சின்னய்யா, இது மாட்டுக்கறி," என்றார். "தெரியாம போட்டுட்டாங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. வோணாம்னா சொல்லிடுங்க, கஞ்சி இருக்குது."

நான் இலையைத் தண்ணீர் விட்டுத் துடைத்துக்கொண்டே சொன்னேன்: "தெரியும், சூசை. போடு."